கால் வளைந்த குட்டி, ஒரு பக்கம் மட்டும் வெளுத்த வயிறு: டரான்டுலா குட்டிகளில் எது குறை, எது இயல்பு?

தம்பி, தருமபுரியிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியையும் நான்கு படங்களையும் நேற்று இரவே பார்த்துவிட்டேன். இரண்டு வரியில் பதில் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இன்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே பிரச்சினையில் இருக்கிற வேறு யாராவது படித்தாலும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

கர்லி ஹேர் என்கிற, முடி அடர்ந்த பெரிய சிலந்தியான டரான்டுலா வகையில், ஒரே முட்டைப்பையில் வந்த மூன்று குட்டிகளை ஆறு மாதத்துக்கு முன் வாங்கினீர்கள். இப்போது கால் விரித்தால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். முதல் குட்டிக்கு இடது பின்னங்கால் குட்டையாக, மெலிந்து, உள்பக்கம் வளைந்திருக்கிறது. அதே குட்டிக்கு வயிற்றின் வலப்பக்கத்தில் மட்டும் வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. இரண்டாவது குட்டிக்கு வயிற்றின் மேல் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, அடியில் நான்கு வெளிர் பொட்டுகள். மூன்றாவதில் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டில் பாட்டி கிரகணத்தில் பொரித்திருக்கும் என்கிறார், நண்பர் நம் பக்கத்துத் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு என்கிறார், விற்றவரோ முதல் குட்டி பிறவி ஊனம், தேறாது, ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கொன்றுவிடத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். எந்தக் குட்டியையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். படங்களில் பார்த்தவரை மூன்றுமே பிழைத்து வளரக்கூடிய குட்டிகள்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

மாடு வாங்கப் போனால் சுழி பார்க்கிற ஊர் நம்முடையது. எந்தச் சுழி எங்கே இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று சந்தையில் நின்றபடியே சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே கண்ணோடுதான் நாம் இந்தச் சிலந்தியையும் பார்க்கிறோம், ஒரு புள்ளி தெரிந்தாலே அதற்கு ஒரு அர்த்தம் தேடுகிறோம். டரான்டுலாவைப் பொறுத்தவரை உடம்பில் இருக்கிற குறியைவிட, அடுத்த முறை அது சட்டை உரிக்கும்போது அந்தக் குறி என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரியே இதுவும் உரிக்கிறது. ஆனால் பாம்பு மேல்தோலை மட்டும் கழற்றுகிறது, இது நச்சுப்பல், கண்ணின் மேல் மூடி, தலைமார்புக்குள் இருக்கிற உறிஞ்சு உறுப்பின் உட்சவ்வு, நுரையீரலின் உட்சவ்வு வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக வருகிறது. அதனால் இன்று தெரிகிற குறையில் பாதி இந்தச் சட்டைக்கு மட்டும் சொந்தமானதாக இருக்கலாம். இரண்டு சட்டை தாண்டியும் அதே இடத்தில் அப்படியே நின்றால்தான் அதைப் பிறவிக்குறை என்று நான் எழுதி வைப்பேன்.

முதலில் இரண்டாவது குட்டியை முடித்துவிடலாம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் தெரிகிற நான்கு வெளிர் பொட்டுகள் புத்தக நுரையீரலின் மூடிகள். பள்ளிக்கூட விலங்கியலில் படித்திருப்பீர்கள், ஏடு ஏடாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும் நுரையீரல். வீட்டுச் சுவரில் ஓடுகிற சாதாரணச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஜோடிதான் உண்டு, டரான்டுலாவுக்கு இரண்டு ஜோடி, ஆகவே நான்கு பொட்டு. கண்ணாடிச் சுவரில் ஏறும்போது பார்த்தால் பூஞ்சை பிடித்த மாதிரியே தெரியும். மூன்றாவது குட்டிக்கும் கண்டிப்பாக இருக்கும், நீங்கள் அடியிலிருந்து பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். மேலே இருக்கிற கறுப்புப் பட்டை, அமெரிக்கக் கண்டத்து இனங்களின் குட்டிகளில் மிக இயல்பாகக் காணப்படுவது. அரிப்பு முடி அடர்ந்து வளரும் இடம் அது. வளர வளர மற்ற முடிகளோடு கலந்து தனியாகத் தெரியாமல் போய்விடும். அந்த இடமும் மொத்த வயிறும் சேர்ந்து இருண்டு, தோல் பளபளவென்று இறுகி, குட்டி இரையைத் தொடாமல் ஒதுங்கி உட்கார்ந்தால், சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்தால் அந்த நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரிதான் எனக்குத் தெரிகிறது, உள்ளே இரைக்குப் போட்ட உயிருள்ள கிரிக்கெட் பூச்சி எதுவும் கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

குட்டியில் ஒரு நிறம், பெரிதானால் வேறு நிறம் என்பது இந்தப் பிராணிகளில் சகஜம். கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவிலிருந்து வந்த வெர்சிகலர் என்கிற இனம், குட்டியில் முழு நீலமாக இருந்து, பெரிதாகப் பெரிதாகப் பச்சையும் சிவப்பும் கலந்த ஊதாவாக மாறும். பிங்க் டோ என்று சொல்கிற அவிகுலேரியா இதற்குத் தலைகீழ்: குட்டிக்கு வெளிர் கால், கறுத்த பாதம், பெரியதுக்குக் கறுத்த கால், ரோஸ் பாதம். ஆந்திராவின் கூட்டி (Gooty) என்ற ஊரில் முதலில் கண்டெடுக்கப்பட்ட நீல டரான்டுலா, பொய்சிலோதேரியா மெட்டாலிக்கா, சின்னதாக இருக்கும்போது மங்கலான சாம்பல் பழுப்புதான், நீலத்தைத் தேடினாலும் கிடைக்காது. படத்தில் பார்த்த நிறம் கையில் வந்த குட்டிக்கு இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்கிற பதில், நான்கைந்து சட்டை பொறுங்கள் என்பதுதான். பொய்சிலோதேரியாக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இனம் பிரித்து அறிய நாம் பார்க்கிற அடிப்பக்கக் கால்பட்டைகள் சின்னக் குட்டிகளில் முழுதாகத் தெளிந்திருக்காது. கூடவே வளர்ப்பவர்கள் கவனமில்லாமல் இரண்டு இனத்தைச் சேர்த்துவிட்ட கலப்புக் குட்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன. வயிற்றுக் கோலம் எந்த இனத்தோடும் ஒத்துவராமல் இடையில் நின்றால், நோய் என்று யோசிப்பதற்கு முன் அம்மா அப்பா யார் என்று விற்றவரைக் கேளுங்கள்.

சரி, இப்போது முதல் குட்டிக்கு வருவோம். காலும் திட்டும் இரண்டு தனித்தனிக் குறைகள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கதை என்றுதான் படுகிறது.

கர்லி ஹேருக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடி உண்டு. கம்பளிப்பூச்சி பட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அரிக்கும், கண்ணில் விழுந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான், அதனால் குட்டி சின்னதுதானே என்று முகத்தருகே வைத்துப் பார்க்காதீர்கள். பயந்தால் பின்னங்காலைத் தூக்கி வயிற்றில் சரசரவென்று தேய்த்து அந்த முடியைக் காற்றில் பறக்கவிடும். உதிர்ந்த இடம் மொட்டையாகித் தோல் நிறம் தெரியும், அதுதான் நீங்கள் பார்க்கிற ரோஸ் திட்டு. இதில் கவனிக்க வேண்டியது, வலது பின்னங்கால் பெரும்பாலும் வலப்பக்கத்தைத்தான் தேய்க்கும், இடது கால் இடப்பக்கத்தை. உங்கள் குட்டியின் இடது பின்னங்கால் வயிற்றின் மேல்பகுதிக்கு எட்டவே எட்டாது. எட்டுகிற காலால் எட்டுகிற பக்கத்தை மட்டும் தேய்த்திருக்கிறது, அதனால்தான் வலப்பக்கம் மட்டும் மொட்டை. அடுத்த சட்டையில் அந்த இடத்தில் புது முடி வந்துவிடும், சட்டை உரிப்பதற்கு முன் அந்த ரோஸ் நிறம் கறுத்துக்கொண்டே வருவதையும் பார்ப்பீர்கள். அந்த மொட்டை இடம் உங்களுக்குக் கிடைத்த நல்ல அடையாளம், மற்ற இரண்டிலும் வயிறு முழுக்க முடியாக இருப்பதால் சட்டை உரிக்கும் நாள் நெருங்குவது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. திரும்பத் திரும்ப மொட்டையானால் மட்டும் டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மிக்ஸி இருக்கும் மேடை, கதவு அடிக்கடி சாத்துகிற சுவர், இந்த அதிர்வெல்லாம் அதற்கு எதிரி வருகிற மாதிரித்தான் தெரியும்.

இனி கால். டரான்டுலாவின் காலில் ஏழு கணு. உடம்போடு ஒட்டிய இரண்டு குட்டைக் கணுக்கள், பிறகு தொடை, முட்டி, கெண்டை, அதற்குப் பின் பாதப் பகுதியில் இரண்டு. உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, தொடையிலிருந்து நுனிவரை எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் இருக்கின்றன. எல்லாக் கணுவும் ஒரே விகிதத்தில் மெலிந்திருக்கின்றன. முடி குறைவாக, நிறம் ஒரு படி வெளிறி இருக்கிறது. இந்த மூன்று அடையாளமும் சேர்ந்து இருந்தால், அறுந்து போய் மறுபடியும் முளைத்த கால் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பல்லிக்கு வால் மாதிரி இதற்குக் கால். மாட்டிக்கொண்டால், அடிபட்டால், உடம்போடு ஒட்டிய முதல் கணுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் தானாகவே கழற்றிவிடும். ரத்தம் அதிகம் போகாமல் அந்த இடம் மூடிக்கொள்ளும். புதுக் கால் அந்த முதல் கணுவுக்குள்ளேயே சுருண்டு மடிந்து வளர்ந்து, சட்டை உரிக்கும்போதுதான் வெளியே வரும். சின்ன அறைக்குள் மடித்து வைத்த துணி மாதிரி வருவதால் முதல் தடவை குட்டையாகவும், சில சமயம் வளைவோடும் வரும். இரண்டு மூன்று சட்டைக்குள் மற்றக் கால்களைப் பிடித்துவிடும்.

கால் எப்போது போனது என்பதும் முக்கியம். சட்டை உரித்துக் கொஞ்ச நாளில் போயிருந்தால் அடுத்த சட்டையிலேயே புதுக் கால் வரும். உரிக்க இருக்கிற நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போயிருந்தால் உள்ளே வளர நேரம் போதாது, அடுத்த சட்டையில் வெறும் மொட்டு மாதிரி வரும், சில நேரம் அதுகூட வராது, அதற்கடுத்த சட்டைவரை காத்திருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் என்னிடம் இருந்த ஒரு குட்டி இப்படித்தான், டப்பா மூடியில் மாட்டி வலது மூன்றாவது காலை விட்டுவிட்டது. எட்டாம் நாள் சட்டை உரித்தது, ஏழு காலோடுதான் வந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து உரித்தபோது நூல் மாதிரி ஒரு கால், அதற்கடுத்ததில் முக்கால் நீளம், அதற்கடுத்ததில் எந்தக் கால் போனது என்பதை நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

சட்டை உரிக்கும்போது ஏற்படுகிற வளைவு வேறு. ஈரம் போதாமல் பழைய சட்டை காலைப் பிடித்துக்கொண்டால், புதுக் கால் மென்மையாக இருக்கும்போதே கோணி, அப்படியே இறுகிவிடும். அதில் கால் மெலிந்திருக்காது, நீளமும் சரியாக இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் வளைத்த கம்பி மாதிரி திருப்பம் தெரியும். அதுவும் பெரும்பாலும் அடுத்த சட்டையில் நிமிர்ந்துவிடும்.

அப்படியானால் உண்மையான பிறவிக்குறை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். கணுவின் எண்ணிக்கையே குறைந்திருக்கும், அல்லது இரண்டு கால்கள் தொடையிலிருந்து ஒட்டி ஒன்றாக வரும், அல்லது ஒரு கால் பாதிக்கு மேல் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். கண் ஒன்று குறைந்திருக்கலாம், இரண்டு கண் ஒட்டியிருக்கலாம். எட்டுக் கண்ணும் ஒரு மேட்டில் நெருக்கமாக இருப்பதால் இதை யாரும் கவனிப்பதே இல்லை. ரொம்ப அரிதாக இரட்டைத் தலைகூடச் சிலந்திகளில் பதிவாகியிருக்கிறது. திருவிழாவில் முதுகில் ஒரு கால் தொங்க அலங்காரம் பண்ணிக் கூட்டிவருகிற மாட்டைப் பார்த்திருப்பீர்களே, உடம்பு கருவில் உருவாகிற நேரத்தில் வழிதவறினால் வருகிற அதே வகைக் கோளாறுதான் இங்கேயும்.

இதற்குக் காரணம் தேடி ரொம்பப் பொறுமையாக வேலை பார்த்தவர்கள் போலந்தில், டொருன் நகரத்து நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். டரான்டுலாவில் செய்யவில்லை, ஐரோப்பாவில் வீடுகளில் ஓடுகிற ஒரு சாதாரணச் சிலந்தியின் முட்டைகளில் செய்தார்கள். கரு உருவாகத் தொடங்குகிற முதல் பத்து நாள், 12 மணி நேரம் 14 டிகிரி, அடுத்த 12 மணி நேரம் 32 டிகிரி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். பொரித்த குட்டிகளில் ஒரு பங்குக்குக் கால் குறைந்தது, கால் ஒட்டியது, கால் கவட்டையானது, இரட்டைத் தலை என்று நான் மேலே சொன்ன எல்லாக் குறைகளும் வந்தன. எல்லாக் குட்டிக்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே சூட்டையும் குளிரையும் பட்ட முட்டைகளில் பல ஒழுங்காகவே பொரித்தன.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து யோசித்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சீட்டுக் கூரை போட்ட மாடி அறையில் சித்திரை மாதம் பகலில் சூடு எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும், ராத்திரி அதே அறையில் ஏசியைப் போட்டுக் குளிரவைத்தால் முட்டைப்பை தினமும் இந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். யாராவது இனப்பெருக்கம் செய்கிற எண்ணத்தில் இருந்தால், சரியான வெப்பம் எத்தனை டிகிரி என்று தேடுவதைவிட அது ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். தாய் முட்டைப்பையைக் காலால் உருட்டி உருட்டித் திருப்பி, இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும். காட்டில் சீர் இல்லை என்றால் அது வளைக்குள் ஆழமாகத் தூக்கிக்கொண்டு போகும், டப்பாவில் அதற்குப் போக இடம் கிடையாது.

பிறவிக்குறை இருந்தால்கூடக் கொல்ல வேண்டும் என்பதில்லை. என்னிடம் ஒரு குட்டி இருந்தது, இடது இரண்டாவது காலின் நுனி கவட்டையாகி இரண்டு பாதம். சாதாரணமாகப் பார்த்தால் கொஞ்சம் தடித்த பாதம் என்றுதான் தோன்றும். அது கழற்றிப் போட்ட சட்டையைச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் ஊசியால் விரித்து, வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் மாட்டுவாரே, அந்த லென்ஸால் பார்த்தபோதுதான் தெரிந்தது. கெண்டைக்குக் கீழே கணு இரண்டாகப் பிரிந்து, இரண்டு நுனியிலும் தனித்தனியாக இரண்டிரண்டு நகம். பெரிய பாதத்தில் நகம் கறுப்பாக, சின்னதில் தேன் நிறத்தில், ஒரு முடி அகலம்கூட இல்லாமல். அடுத்தடுத்த மூன்று சட்டையிலும் அப்படியே வந்தது. அதனால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை, இரையைப் பிடித்தது, வளை தோண்டியது, கடைசியாகப் பார்த்தபோது உள்ளங்கை அளவு இருந்தது. ஒரே ஒரு விஷயம், சட்டை உரிக்கும்போது அந்தக் கால் வெளியே வர மற்றதைவிட அதிக நேரம் எடுக்கும், அதனால் அந்தச் சமயத்தில் மட்டும் ஈரத்தைக் கூடுதலாகக் கவனித்தேன். இனப்பெருக்கத்துக்கு மட்டும் இப்படிப்பட்டதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஃப்ளோரைடு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது, தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பல்லில் கறை வருவது, குழந்தைப் பருவத்தில் பல் எனாமல் உருவாகும்போது ஃப்ளோரைடு உள்ளே போவதால். சிலந்திக்கு எனாமலும் கிடையாது, எலும்பும் கிடையாது, அதன் மேலோடு கைட்டினும் புரதமும். அதோடு மூன்று குட்டிக்கும் ஒரே குடத்துத் தண்ணீரைத்தான் வைத்தீர்கள், ஒன்றுக்கு மட்டும் ஒரே ஒரு காலில், ஒரே ஒரு பக்கத்தில் வருமா? கிரகணத்துக்கும் இதே பதில்தான், மூன்றும் ஒரே பையில் பொரித்தவை. பாட்டியிடம் அப்படியே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவை குறிகளில் இல்லை, நடத்தையில் இருக்கின்றன. வாயைச் சுற்றி வெள்ளையாகப் பிசுபிசுப்பு, அதோடு இரையை மறுப்பது, சோர்ந்து கிடப்பது என்றால் புழு. கண்ணுக்கு எளிதில் தெரியாத உருளைப்புழுக்கள் வாய்ப்பகுதியில் குடியேறிவிடும். வளர்ப்பு டரான்டுலாக்களில் கண்ட அப்படி ஒரு புழுவுக்கு 2022-இல் டரான்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று பெயர் வைத்தார்கள். அது தாக்கிய சிலந்தி சாப்பிட முடியாமல் மாதக்கணக்கில் மெலிந்து சாகும், மருந்து கிடையாது. அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே மற்றவற்றிடமிருந்து தனி அறைக்கு மாற்றி, இடுக்கி, தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். கால் இடுக்குகளில் மண் நிறத்தில் நகராத சின்னச் சின்னப் புள்ளிகள் கொத்தாக இருந்தால் மைட் பூச்சி, தேங்காய் நார்த்தூளை முழுதாக மாற்றி, கொஞ்ச நாள் உலர வைத்தால் பெரும்பாலும் போய்விடும். வயிறு சுருங்கி, திராட்சை வற்றின மாதிரி ஆகி, கால்களெல்லாம் உடம்புக்கு அடியில் மடங்கினால் தாகம். சிலந்தி காலை மடக்கத் தசை வைத்திருக்கிறது, நீட்டுவதற்கு முக்கியமான மூட்டுகளில் தசை இல்லை, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால் தானாக மடங்கும். அந்த நேரத்தில் வாய்ப்பகுதி தண்ணீரில் படுகிற மாதிரி ஆழமில்லாத மூடியில் வைத்தால் பல குட்டிகள் எழுந்துவிடும்.

இன்னொன்று, நடுக்கம். கால்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வெட்டி வெட்டி இழுக்கும், நேராக நடக்க முடியாது, கவிழும். டிகேஎஸ் (டிஸ்கைனடிக் சிண்ட்ரோம்) என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இது ஒரே நோயின் பெயர் கிடையாது, ஒரு அறிகுறியின் பெயர், பூச்சிமருந்துமேல்தான் பலருக்கும் சந்தேகம். எனக்கும் அப்படித்தான், ஏனென்றால் நான் ஒன்றை இழந்திருக்கிறேன். ஒரு வருடம் மாசி மாதம் கிரிக்கெட் கிடைக்காமல், கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாந்தோப்பு ஓரத்தில் சின்ன வெட்டுக்கிளி பிடித்துவந்து போட்டேன். பூ எடுத்திருந்த நேரம், இரண்டு நாள் முன்தான் மருந்து அடித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று இரவே குட்டி நடுங்க ஆரம்பித்தது, மூன்றாம் நாள் போய்விட்டது. இன்றுவரை அந்த டப்பாவை நான் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. நம் பக்கம் மாந்தோப்பு, தக்காளி, ஓசூர்ப் பக்கம் ரோஜா என்று எங்கே பார்த்தாலும் மருந்து அடிக்கிற பயிர்தான், வயல் பூச்சியைத் தயவுசெய்து போடாதீர்கள். வீட்டில் நீங்களே வளர்த்த கிரிக்கெட்டோ கரப்பானோ போதும். கொசுவத்தியையும் லிக்விட் மெஷினையும் அந்த அறையில் வைக்காதீர்கள், கொசு மருந்துப் புகை அடிக்க வருகிற அன்று டப்பாவை உள் அறைக்கு மாற்றி ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் என்கிற, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் வரும் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கர்லி ஹேர் முன்பு சேர்ந்திருந்த பிராக்கிபெல்மா குழு அந்தப் பட்டியலில் இருக்கிறது, உங்களிடம் வாங்கிய ரசீது இருந்தால் எடுத்து வைத்து, வனத்துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பதிவை முடித்துவிடுங்கள். அப்புறம், புளியமரப் பொந்தில் பெரிய சிலந்தி பார்த்தேன், பிடித்து வளர்க்கலாமா என்று நம் பக்கத்திலிருந்தே அடிக்கடி கேட்கிறார்கள். கூடவே கூடாது. தொப்பூர்க் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற காடையாம்பட்டியிலிருந்து போன சிலந்தியை வைத்துத்தான் 1899-இல் போக்காக் என்கிற ஆங்கிலேய ஆய்வாளர் பொய்சிலோதேரியா ஃபார்மோசா என்ற இனத்தையே விவரித்தார். இந்தியாவுக்கு வெளியே உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் நம் மலையடிவாரத்து மரப்பொந்தில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். 2019 முதல் அந்தக் குழு முழுவதும் சைட்டிஸ் பட்டியலில் வந்துவிட்டது.

உங்கள் முதல் குட்டிக்கு இனி என்ன செய்வது என்றால், பெரிதாக எதுவும் வேண்டாம். ஏழு நல்ல கால் இருக்கிறது, நடக்கும், ஏறும். உயரமான டப்பாவில் இருந்தால் மட்டும் மண்ணைக் கூட்டி, மூடிக்கும் மண்ணுக்கும் இடைவெளியைக் குறைத்துவிடுங்கள், பிடி நழுவி விழுந்தால் வயிறு கிழியும். இரையை அதன் தலைமார்பைவிடச் சின்னதாக, கொன்று பாதியாக வெட்டிப் போடுங்கள், துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. டப்பாவின் ஒரு மூலையில் மட்டும் நார்த்தூள் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், முழுவதையும் நனைக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் செத்துவிட்டது என்று பதறித் தொடாதீர்கள், அப்படிப் படுத்துத்தான் சட்டை உரிக்கும், சில மணி நேரம்கூட ஆகலாம். உரித்தபின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கறுத்த பிறகுதான் இரை கொடுக்க வேண்டும், இந்த அளவுக் குட்டிக்கு நான்கைந்து நாள். பழைய சட்டை காலில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், மெல்லிய வாட்டர் கலர் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு அந்த இடத்தை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள்.

கழற்றிய சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், காய்வதற்குள் எடுத்து, தேதி எழுதி, தீப்பெட்டிக்குள் பஞ்சு மேல் வையுங்கள். மூன்று குட்டிக்கும் மூன்று தீப்பெட்டி. முதல் குட்டியின் சட்டையில் இடது பின்னங்காலை மட்டும் விரித்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேலிருந்து நேராக ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புதுக் காலின் படம் அவசரமில்லை, பல் கறுத்து அது தானாக வெளியே வந்து உட்கார்கிற அன்று எடுத்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை அப்போது சொல்கிறேன்.